தளிக் குளிருக்கு ஒரு பேனல் வீடு: நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வீடு கட்டுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஊத்தங்கரை, பர்கூர், காவேரிப்பட்டினம் பக்கங்களில் அது சரியான கவலைதான். ஆனால் ஓசூரிலிருந்து தெற்கே தேன்கனிக்கோட்டைக்கும் தென்மேற்கே தளிக்கும் போகும் வழியில் நிலம் கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டரை நெருங்கிவிடுகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் தளிக்குக் 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வந்ததற்கு அந்த உயரமே காரணம். மார்கழி, தை மாத விடியலில் இங்கே வெளி வெப்பநிலை 13, 14 டிகிரிக்கு இறங்குவதும், ஒன்பது மணி வரை பனிமூட்டம் விலகாமல் நிற்பதும் வழக்கம். இந்தக் குளிரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட புதிய வீடுகள் இந்தப் பகுதியில் மிகக் குறைவு. சமவெளியில் கட்டும் அதே ஹாலோ பிளாக் சுவரையும் கான்கிரீட் தளத்தையும்தான் இங்கேயும் கட்டுகிறோம்.

இந்த ஆய்வுக்கு உரிய வீடு தேன்கனிக்கோட்டைக்கும் தளிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரின் ஓரத்தில், தெற்குப் பக்கம் காய்கறி நிலம் திறந்து கிடக்கும் ஒரு மனையில் அமைந்தது. ரோஜாவும் முட்டைகோசும் பயிரிடும் குடும்பம். கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், கணவரின் தாயார் என நான்கு பேர். அவர்கள் அதுவரை குடியிருந்தது ஆறு அங்குல ஹாலோ பிளாக் சுவரும் சிமென்ட் ஷீட் கூரையும் கொண்ட வீடு. மேகமில்லாத இரவில் மெல்லிய கூரைத்தகடு தன் வெப்பத்தை நேராக வானத்துக்குக் கதிர்வீசி இழந்துவிடும். அதனால் அதன் வெப்பநிலை சுற்றியுள்ள காற்றைவிடவும் கீழே போய்விடும். உள்ளே நான்கு பேர் விடும் மூச்சின் ஈரம் அந்தத் தகட்டின் அடிப்பக்கத்தில் படிந்து, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாகப் படுக்கையின் மேல் விழும். அந்த வீட்டில் பாட்டியின் கட்டிலுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தார்கள். மழைக்காக அல்ல, இந்தப் பனிச்சொட்டுக்காக.

பாட்டிக்கு வீசிங் உண்டு. குளிர் கடுமையான இரவுகளில் கரிச்சட்டியில் கனல் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது அந்த வீட்டில் மட்டுமல்ல, சுற்று வட்டாரத்திலும் பழக்கம். மூடிய அறையில் எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடக் கூடியது அது. வீட்டைச் சூடாக்குவது நம் ஊரில் ஆடம்பரம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கரிச்சட்டியைத்தான் நான் சுட்டிக்காட்டுவேன். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுவசதி நெறிமுறைகள், குளிர் காலம் உள்ள நாடுகளில் வீட்டின் உள் வெப்பநிலை 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைக்கின்றன. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் அதைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கலாம் என்றும் அவை சொல்கின்றன.

ஆகவே வீட்டை வடிவமைத்த எங்கள் முன் இருந்த கேள்வி இது. அதே ஊரில் அதே பரப்பளவுக்கு ஒரு சாதாரண ஹாலோ பிளாக் வீடு கட்ட ஆகும் செலவுக்குள், ஹீட்டரோ கரியோ இல்லாமல், மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்காத ஒரு வீட்டைக் கட்ட முடியுமா?

வெயில், காப்பு, கனம்

தொழிற்கூடத்தில் செய்து வரும் பலகைகளை நிறுத்திக் கட்டும் பேனல் வீடு என்றதும் அந்தக் குடும்பத்தார் எண்ணியது ஓசூர்ப் பக்கத்துப் பூ குளிர்பதன அறைகளைத்தான். ரோஜாவை வெட்டியவுடன் வைக்கும் அந்த அறைகள் இரு பக்கமும் தகடு, நடுவே நுரை என்று அமைந்த பஃப் பேனலால் ஆனவை. "குளிர் ரூமுக்குப் போடுற அட்டையைக் கொண்டாந்து வீட்டுக்குப் போட்டா இன்னும் குளிராதுங்களா சார்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். காப்புப் பொருள் சூட்டையும் உண்டாக்காது, குளிரையும் உண்டாக்காது. போர்வையைப் போல, உள்ளே இருப்பதை உள்ளேயே வைத்திருக்கும், அவ்வளவுதான். பூ அறையில் உள்ளே குளிர்விக்கும் இயந்திரம் இருக்கிறது, அதனால் அந்த அறை குளிர்கிறது. வீட்டுக்குள் சூட்டுக்கு ஒரு வழி செய்யாமல் பேனலை மட்டும் நிறுத்தினால் பயன் பாதிதான்.

இந்தப் பகுதியின் பழைய வீடுகளைப் பார்த்தால் மறுபாதி புரியும். ஒன்றரை அடி, இரண்டடி கனத்தில் கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பி ஓடு வேய்ந்த வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. அந்தக் கனமான சுவர் பகலின் சூட்டையும் இரவின் குளிரையும் சராசரியாக்கிவிடும். அதனால் கோடையில் அவை அருமையாக இருக்கும். ஆனால் தை மாதத்தில் வெளியின் இரவு பகல் சராசரியே 19 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, கல்வீடு அந்தச் சராசரியைத்தான் தரும், அதற்கு மேலே ஏறாது. சராசரிக்கு மேலே ஏற வேண்டுமானால் வெயிலை வேண்டுமென்றே உள்ளே விட வேண்டும். வந்த வெயில் வெளியேறாமல் காப்பு வேண்டும். பகலில் வந்ததை இரவு வரை தேக்கி வைக்க, காப்புக்கு உட்புறம் கனமான பொருள் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டுக்கும் செலவழித்த பணம் வீண். இந்த வீட்டின் வடிவமைப்பு முழுவதும் இந்த ஒன்றிலிருந்துதான் பிறந்தது.

இந்தக் கொள்கை புதியதல்ல. லடாக்கில் லே நகருக்கு அருகே பே கிராமத்தில் உள்ள செக்மோல் என்ற மாற்றுக் கல்வி வளாகம், மைனஸ் 15 டிகிரி குளிரிலும் மண்சுவரும் தெற்குக் கண்ணாடியும் கொண்டே வெதுவெதுப்பாக இருக்கிறது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991இல் கட்டி முடித்த வரிசை வீடுகளிலிருந்து ஹீட்டரின் தேவையைப் பெருமளவு குறைக்கும் 'பாசிவ் ஹவுஸ்' என்ற முறையே கிளைத்தது. ஆனால் இவற்றை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து தளியில் நட முடியாது. வெயில் விழும் கோணமே வேறு.

சூரியன் நிற்கும் உயரம்

தளியின் அட்சரேகை ஏறத்தாழ 12.6 டிகிரி வடக்கு. டிசம்பர் 21 அன்று நண்பகலில் சூரியன் தென்வானில் அடிவானத்திலிருந்து 54 டிகிரி உயரத்தில் நிற்கும். லே நகரில் அதே நேரத்தில் அது 32 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். லேயில் வெயில் ஜன்னல் வழியே தாழ்ந்து வந்து அறையின் பின்சுவர் வரை எட்டும். தளியில் அது செங்குத்தாக இறங்கித் தரையில் ஜன்னலை ஒட்டிய சில அடிகளிலேயே விழுந்துவிடும். வெயில் பின்சுவரில் படும் என்று நம்பி அங்கே கனமான சுவரை வைத்துவிட்டு, ஜன்னலோரத் தரையில் வினைல் விரிப்பைப் போட்டால் வெயில் வீணாகும். இங்கே வெயிலை வாங்கும் இடம் தரைதான்.

வீட்டை 10 மீட்டருக்கு 6 மீட்டர் என்ற அளவில், நீண்ட பக்கம் தெற்கே பார்க்கும்படி வைத்தோம். ஏறத்தாழ 645 சதுர அடி. பேனல்கள் ஒரு மீட்டர் அகலத்தில் வருவதால் நீள அகலம் இரண்டையும் முழு மீட்டரில் வைத்தது வெட்டிக் கழிப்பதைக் குறைத்தது. கூடமும் இரு படுக்கையறைகளும் தெற்கு வரிசையில், சமையலறையும் புழங்கும் இடமும் வடக்கு வரிசையில், குளியலறையும் தட்டுமுட்டு அறையும் மேற்கு ஓரத்தில். மேற்குச் சுவரில் ஜன்னலே கிடையாது. தலைவாசல் கிழக்கே. வாஸ்து பார்த்தவர் ஒப்புக்கொண்டதால் இந்த ஏற்பாட்டில் பெரிய இழுபறி ஏற்படவில்லை. நம் ஊரில் இது சிறிய விஷயமல்ல.

தெற்கில் ஐந்தடி உயரமும் நான்கடி அகலமும் கொண்ட மூன்று ஜன்னல்கள். தரையிலிருந்து இரண்டடியில் தொடங்கி ஏழடியில் முடிகின்றன. இவற்றுக்கு மேலே சன்ஷேடு எவ்வளவு நீட்ட வேண்டும், எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்பதில்தான் இந்த வீட்டின் பாதிக் கணக்கு அடங்கியிருக்கிறது. வழக்கமாகக் கொத்தனார் இரண்டடி சன்ஷேடை லின்டலை ஒட்டியே நீட்டிவிடுவார். அப்படிச் செய்திருந்தால் டிசம்பர் நண்பகலில் ஜன்னலின் பாதிக்கு மேல் நிழலில் போயிருக்கும். நாங்கள் ஒன்றரை அடி சன்ஷேடை ஜன்னல் தலைக்கு ஓரடி மேலே ஏற்றி வைத்தோம். டிசம்பர் 21 நண்பகலில் இதன் நிழல் சன்ஷேடிலிருந்து இரண்டடிக்குச் சற்று மேல் இறங்கும். அதில் ஓரடி வெறும் சுவரில் போய்விட, ஜன்னலின் மேல் ஓரடி மட்டும் நிழலாகி மீதி நான்கடியும் வெயிலை வாங்கும். பிப்ரவரி 20 வாக்கில், குளிர் விலகத் தொடங்கும்போது, ஜன்னலின் பாதி நிழலுக்குள் வந்துவிடும். மார்ச் 21 அன்று நிழல் ஆறே முக்கால் அடி இறங்கும். அதாவது ஜன்னல் முழுவதும் மூடப்பட்டுவிடும். அன்றைய நாளில் தெற்குச் சுவரைப் பொறுத்தவரை சூரியனின் நிழற்கோணம் காலை முதல் மாலை வரை மாறாமல் இருப்பதால், ஏறத்தாழ நாள் முழுவதும் ஜன்னலுக்குள் நேரடி வெயில் நுழையாது. அதன் பிறகு ஏப்ரல் 24ஐ ஒட்டிச் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து வடக்கே சாய்ந்துவிடும். ஆகஸ்டு 19 வாக்கில்தான் மறுபடியும் தலைக்கு மேலே வந்து தெற்கே திரும்பும். ஆள் யாரும் திரையை இழுக்காமல், மூடாமல், சன்ஷேடு ஒன்றே ஆண்டு முழுவதும் இந்த வேலையைச் செய்கிறது. இந்த மாவட்டத்தில் தெற்குப் பக்கம் திறந்த மனை வைத்திருக்கும் எவரும், பேனல் வீடு கட்டாவிட்டாலும், இந்த ஓரடி ஒன்றரை அடிக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். கூடுதல் செலவு எதுவும் இல்லை.

தரையும் நடுச்சுவரும்

வெயில் விழும் அந்த ஆறடி அகலப் பட்டையில் இரண்டு அங்குல கனத்தில் கறுப்புக் கிரானைட் பலகை பதித்தோம். கிரானைட் இந்த மாவட்டத்தின் சொந்தப் பொருள். பாலிஷ் போடும் பட்டறைகளில் ஓரம் உடைந்தும் நிறம் மாறியும் ஒதுக்கப்பட்ட துண்டுகள் டைல்ஸ் விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. கறுப்பாக இருந்தால் வெயிலை அதிகம் உறிஞ்சும். பளபளப்பு வேண்டாம் என்பதால் சொரசொரப்பான முகமே போதும் என்று சொல்லிவிட்டோம். மீதித் தரைக்குச் சாம்பல் நிறக் கல். கல்லுக்கு அடியில் நான்கு அங்குலக் கான்கிரீட்.

தரைக்கு அடியில் காப்பு வைக்கவில்லை என்பதை இங்கே விளக்க வேண்டும். லடாக்கிலும் ஐரோப்பாவிலும் அது கட்டாயம். தளியில் சில அடி ஆழத்துக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை ஆண்டுச் சராசரியை ஒட்டி இருக்கும். அது மார்கழி இரவைவிடப் பல டிகிரி கூடுதல், சித்திரைப் பகலைவிடப் பல டிகிரி குறைவு. அந்த மண்ணோடு தரைக்கு இருக்கும் தொடர்பைத் துண்டிப்பது நமக்கு நட்டம். சூடு ஓடுவது பேஸ்மட்டத்தின் ஓரம் வழியாகத்தான். அதனால் பேஸ்மட்டத்தின் வெளி விளிம்பில் மட்டும் இரண்டடி ஆழத்துக்கு இரண்டு அங்குல நுரைப் பலகையை நிறுத்தி, அதன் மேல் சிமென்ட் பலகை பதித்தோம்.

தெற்கு வரிசையையும் வடக்கு வரிசையையும் பிரிக்கும் நடுச்சுவரை ஒன்பது அங்குல அழுத்த மண்கல்லால் (சூளையில் சுடாமல், மண்ணை அழுத்திச் செய்யும் கல்) எழுப்பினோம். கூரையின் பாரத்தை இது தாங்கவில்லை, அது இரும்புச் சட்டத்தின் வேலை. இது வெப்பத்தைத் தேக்குவதற்காக மட்டும் நிற்கும் சுவர். அதோடு சமையலறைப் பக்கம் தீக்கு அஞ்சாத சுவராகவும், அலமாரி மாட்ட ஆணி அடிக்க இடமாகவும் பயன்படுகிறது. இந்தச் சுவரைக் குறைத்துவிட்டால் கணிசமாக மிச்சமாகுமே என்று மேஸ்திரி பலமுறை சொன்னார். இதை விட்டுக்கொடுக்காததுதான் இந்த வடிவமைப்பில் எடுத்த மிக முக்கியமான முடிவு என்று கருதுகிறேன். காரணம் கணக்கில் வருகிறது.

பேனலைத் தேர்ந்தெடுத்தல்

சந்தையில் 'பேனல்' என்ற ஒரே பெயரில் குணத்தால் முற்றிலும் வேறுபட்ட பொருள்கள் விற்கப்படுகின்றன. தெர்மோகோல் மணிகளைச் சிமென்டில் கலந்து நடுவில் நிரப்பி இரு பக்கமும் ஃபைபர் சிமென்ட் பலகை ஒட்டிய வகை ஒன்று. புதிய கட்டுமான முறைகளைச் செய்துகாட்டும் மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் இந்தூரில் 1,024 வீடுகள் முன்தயாரிப்பு சாண்ட்விச் பேனல் முறையில் எழும்பியபோது இதற்குப் பெயர் பரவியது. அது உறுதியான, ஆணி தாங்கும் சுவர். ஆனால் சிமென்ட் கலந்திருப்பதால் வெப்பக் காப்பு சுமார்தான். கம்பி வலையோடு வரும் தெர்மோகோல் பலகையின் இரு முகத்திலும் சிமென்ட் பூச்சைத் தெளிக்கும் வகை மற்றொன்று. காப்பு நன்றாக இருந்தாலும், அதற்குத் தெளிக்கும் இயந்திரமும் பழகிய ஆட்களும் வேண்டும். சென்னை ஐஐடி ஆராய்ந்து பரப்பிய ஜிப்சம் பேனல் சுவருக்கும் தளத்துக்கும் சேர்த்து உதவும். எனினும் உள்ளறைகளைக் கான்கிரீட் கொண்டு நிரப்பும்போது காப்பு குறைந்துவிடும்.

எங்களுக்குக் காப்புதான் முதல் தேவை என்பதால், இரும்புத் தகட்டுக்கு நடுவே பாலியூரிதேன் வகை நுரை கொண்ட பேனலையே எடுத்தோம். சுவருக்கு 60 மில்லிமீட்டர், கூரைக்கு 80. நுரையில் தீயை ஓரளவு எதிர்க்கும் பி.ஐ.ஆர். வகையைக் கேட்டு வாங்கினோம். ஓசூரில் இருப்பதன் வசதி, பூ அறைகளையும் தொழிற்கூடங்களையும் கட்டிப் பழகிய பேனல் ஆட்கள் பக்கத்திலேயே இருப்பதுதான். சிறிய ஊர்களில் இந்த வீட்டை இதே செலவில் கட்டுவது கடினம்.

கணக்கு

வெப்ப இழப்பைக் கட்டடத் துறையில் யூ மதிப்பால் சொல்வார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் கசிகிறது என்பதே அது. இரு பக்கமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு இது 2ஐ ஒட்டி இருக்கும். வெறும் கான்கிரீட் தளத்துக்கு மூன்றரைக்கு மேல். எங்கள் சுவர் பேனலுக்கு 0.36, கூரைக்கு 0.28.

சுவர் 82 சதுர மீட்டர், கூரை 60, ஜன்னல் 10, கதவு 4. ஜன்னல்களில் ஒற்றைக் கண்ணாடிதான். இரட்டைக் கண்ணாடியின் விலை கட்டுப்படியாகவில்லை. அதற்குப் பதிலாக இரவில் உட்பக்கம் சாத்தும் மரக்கதவுகள். உள்காற்று மணிக்கு ஒருமுறை மாறுகிறது என்று கொண்டால், எல்லாம் சேர்த்து ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 155 வாட் இழப்பு வருகிறது. ஒரு நாளுக்கு 3.7 யூனிட் (மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட், 1,000 வாட் ஒரு மணி நேரம்). இதே அளவில் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் வைத்துக் கட்டினால் இழப்பு 500 வாட்டை ஒட்டும். நாளுக்கு 12 யூனிட்.

வரவு என்ன? தெளிந்த மார்கழி நாளில் தெற்கு ஜன்னல் கண்ணாடியின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 2 யூனிட்டை ஒட்டி உள்ளே விடும். சட்டமும் நிழலும் போக மூன்று ஜன்னலும் சேர்ந்து 9 அல்லது 10 யூனிட். நான்கு பேரின் உடல் வெப்பம், அடுப்பு, ஃபிரிட்ஜ், டிவி, விளக்கு இவை சேர்ந்து 6 யூனிட். மொத்தம் 15, 16. இதை 3.7ஆல் வகுத்தால், வீட்டின் உள் சராசரி வெளிச் சராசரியைவிட நான்கு டிகிரிக்கு மேல் உயர்ந்து நிற்கும். வெளிச் சராசரி 19 என்றால் உள்ளே 23. இதே வரவு செங்கல் வீட்டுக்குள் வந்தால் உயர்வு ஒன்றேகால் டிகிரிதான்.

சராசரி மட்டும் போதாது. பிற்பகல் மூன்று மணிக்கு 30ம் விடியலில் 16ம் இருந்தாலும் சராசரி 23தான். பேனலும் மரச்சாமானும் மட்டும் உள்ள வீட்டில் அப்படித்தான் நடக்கும். வெயில் கொண்டுவந்த 10 யூனிட்டை வாங்கி வைக்க அங்கே எதுவும் இல்லை. எங்கள் கல்தரையும் அதன் கான்கிரீட்டும் ஒரு டிகிரி உயர 5 யூனிட் வாங்கும். நடுச்சுவர் இன்னும் 2 யூனிட்டுக்கு மேல் வாங்கும். ஆக, பகலின் வெயில் முழுவதும் ஒன்றரை டிகிரி உயர்விலேயே தேங்கிவிடுகிறது. இந்தத் தேக்கத்தை இழப்பால் வகுத்தால் ஏறத்தாழ 47 மணி நேரம் வருகிறது. வீடு குளிர்ந்து போவதற்கான கால அளவு அது. கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் சின்னம் உருவாகி இரண்டு நாள் வெயிலே தெரியாமல் தூறிக்கொண்டிருந்தாலும் தாக்குப் பிடிப்பதற்கு இந்தக் கனம்தான் துணை. மேஸ்திரி குறைக்கச் சொன்ன சுவர் தருவது அந்த இரண்டு நாளில் ஒரு பங்கை.

நிறுத்தும்போது கவனித்தவை

பேனல் சுவரின் எடை சதுர மீட்டருக்குப் பத்துப் பதினொரு கிலோ. பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு 450 கிலோவுக்கு மேல். அஸ்திவாரம் அதற்கேற்ப எளிதானது. ஆனால் இலேசாக இருப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. சித்திரை, வைகாசி மாலைகளில் இந்த வட்டாரத்தில் வீசும் சூறைக்காற்று ஷீட் கூரைகளைப் பெயர்த்து அடுத்த வயலில் போடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அதனால் கூரைப் பேனலை இரும்புச் சட்டத்தோடும், சட்டத்தைப் பேஸ்மட்டத்தின் பெல்ட் கான்கிரீட்டில் முன்பே புதைத்த போல்ட்டுகளோடும் பிணைத்து, மேலிருந்து தரை வரை ஒரே தொடராகக் கட்டினோம்.

இணைப்புகள்தான் பேனல் வீட்டின் உயிர்நிலை. ஒவ்வொரு பேனலின் ஓரமும் அடுத்ததோடு ஆணும் பெண்ணுமாகப் பொருந்தும். அந்தப் பொருத்துக்குள் காற்றும் நீரும் புகாமல் ஒட்டும் ப்யூட்டைல் நாடா வைத்து இறுக்க வேண்டும். இருட்டிய பிறகு ஓர் ஆள் உள்ளே டார்ச் அடிக்க, மற்றவர் வெளியே நின்று ஒவ்வொரு இணைப்பையும் பார்த்து, ஒளி கசிந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்து மறுநாள் அடைத்தோம். பேனலின் வெட்டு முனை எங்கேயும் திறந்து கிடக்கக் கூடாது. எறும்பு கூடு கட்டும், எலி கடித்து வழி செய்துகொள்ளும். கீழ் முனை முழுவதும் தகட்டுச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

உட்புறத் தகட்டின் மேல் ஃபைபர் சிமென்ட் பலகை திருகி வெள்ளையடித்தோம். தீப் பாதுகாப்புக்கு அது தேவை. சுவர் சுவராகத் தோன்றுவதற்கும் அது தேவை. பாட்டி முதன்முதலில் வந்தபோது பேனலைத் தட்டிப் பார்த்து, "டப்பா மாதிரி சத்தம் வருதேப்பா, இதுக்குள்ளயா படுக்கச் சொல்ற?" என்று மகனைக் கேட்டார். பலகை ஏறிய பிறகு அந்த ஓசை மட்டுப்பட்டது. கூரையில் மழை ஓசை மட்டும் கான்கிரீட் வீட்டைவிடக் கூடுதலாகவே கேட்கிறது.

காற்றுப் புகாத வீட்டில் சமையலின் ஈரம் தங்கிவிடும் என்பதால் அடுப்புக்கு மேல் எக்சாஸ்ட் ஃபேனும், வடக்குச் சுவரின் உச்சியில் மூடித் திறக்கும் காற்றுத் துளைகளும் வைத்தோம். அப்படியும் விடியலில் ஒற்றைக் கண்ணாடியில் நீர் கோத்து நிற்கத்தான் செய்கிறது. ஜன்னல் கட்டைக்கு வெளிச்சரிவு கொடுத்திருப்பதால் அது வடிந்துவிடுகிறது.

செலவு

இந்த வீடு சாதாரண வீட்டைவிட மலிவாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அதே செலவுதான் ஆயிற்று. பேனல், இரும்புச் சட்டம், இணைப்புகளை மூடும் ஃபிளாஷிங் தகடு, லாரி வாடகை ஆகியவற்றுக்குக் கூடுதலாகப் போனது, அஸ்திவாரம், சென்ட்ரிங், கம்பி, பூச்சு வேலை, கொத்தனார் கூலி ஆகியவற்றில் மிச்சமாயிற்று. மிச்சத்தின் ஒரு பகுதி கல்தரைக்கும் நடுச்சுவருக்கும் போனது. பேனல் விற்பவர்கள் சொல்லும் 'முப்பது சதவீதம் மிச்சம்' என்பது இந்தக் கனத்தைக் கணக்கில் சேர்க்காமல் சொல்வது. நிச்சயமான மிச்சம் காலத்திலும் தண்ணீரிலும்தான். சுவரும் கூரையும் ஒரு வாரத்துக்குள் நின்றுவிட்டன. வாரக்கணக்கில் நீர் ஊற்றிப் பதப்படுத்த வேண்டிய வேலை தரையோடும் நடுச்சுவரோடும் முடிந்தது. ஆயிரம் அடிக்கும் ஆழ்துளைக் கிணறு போடும் ஊரில் அதன் மதிப்பு தனி.

சித்திரையில்

குளிருக்காகக் கட்டிய வீடு கோடையிலும் தேற வேண்டும். கூரையின் மேல்தகடு வெள்ளை. வெள்ளைக் கூரை குளிர்காலத்துச் சூட்டை வீணாக்காதா என்று கேட்பார்கள். இவ்வளவு காப்புக்குப் பிறகு கூரையில் படும் வெயில் எந்த மாதத்திலும் மிகக் குறைவாகவே உள்ளே வரும், அதனால் வெள்ளையால் குளிர்காலத்தில் இழப்பது சிறிதுதான். கோடையில் உள்ளே சேர்வது மனிதர்களின் சூடும் அடுப்பின் சூடும்தான். காப்பு அதையும் விடாமல் பிடித்துவைக்கும். எனவே கோடையில் இந்த வீட்டுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஜன்னல்களைச் சாத்திவிட வேண்டும். வெளி குளிர்ந்த பிறகு தெற்கு ஜன்னல்களையும் வடக்குத் துளைகளையும் திறந்து, இரவு முழுவதும் காற்றை ஓடவிட வேண்டும். தளியின் ஏப்ரல் இரவு 20, 21 டிகிரிக்கு இறங்குவதால் கல்தரை மறுபடியும் குளிர்ந்துவிடுகிறது. திறக்க மறந்த நாளில் வெளியைவிட உள்ளே புழுக்கமாக இருப்பதை அந்தக் குடும்பம் முதல் கோடையிலேயே கண்டுகொண்டது. கோடை இரவுகள் இந்த அளவுக்குக் குளிராத கிருஷ்ணகிரி நகரிலோ தருமபுரியிலோ இதே வீட்டைக் கட்டினால் இந்த வழி இவ்வளவு எளிதாகக் கைகொடுக்காது. அங்கே தெற்கு ஜன்னலைச் சிறிதாக்கி, கூரைக் காப்பையும் வெள்ளைத் தகட்டையும் மட்டும் வைத்துக்கொள்வதே சரி.

முதல் மார்கழியில் மகள் ஒரு சாதாரண வெப்பமானியைக் கூடத்திலும் இன்னொன்றை வடக்குத் தாழ்வாரத்திலும் தொங்கவிட்டுப் பள்ளிக்குக் கிளம்புமுன் எழுதி வந்தாள். பெரும்பாலான விடியல்களில் உள்ளே ஏழெட்டு டிகிரி கூடுதலாக இருந்தது. மூடுபனி பத்து மணி வரை நின்ற நாள்களுக்கு மறுநாள் அது குறைந்தது. கூடத்து ஜன்னலோரம் பாய் விரித்துக் கிரானைட்டை மறைத்திருந்த வாரத்திலும் குறைந்தது. இப்போது பாட்டி பிற்பகலில் பாய் இல்லாமல் அந்தக் கறுப்புக் கல்லின் மேல்தான் உட்காருகிறார். கரிச்சட்டி மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டது.

இந்த வடிவமைப்பை எல்லோரும் பின்பற்ற முடியாது என்பதும் தெரிகிறது. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் போட வேண்டும் என்பது விதி. அங்கே பேனல் கூரைக்கு இடமில்லை. ஆனால் தளத்தின் மேல் இரண்டு அங்குல எக்ஸ்.பி.எஸ். நுரைப் பலகை பரப்பி, அதன் மேல் கலவை போட்டு வெள்ளை டைல்ஸ் பதிக்கலாம். இது கூரையின் யூ மதிப்பை மூன்றரைக்கு மேலிருந்து 0.5க்குக் கொண்டுவந்துவிடும். எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வீட்டு ஆற்றல் விதித்தொகுப்பு கூரைக்கு அனுமதிக்கும் உச்ச அளவு 1.2. காப்பு வெளியிலும் கான்கிரீட்டின் கனம் உட்புறமும் அமைவதால், வெப்பத்தைத் தேக்கும் வேலையைத் தளமே பார்த்துக்கொள்ளும். தெற்கே ஒரு பெரிய ஜன்னலும் ஓரடி ஏற்றி வைத்த சன்ஷேடும் அதோடு சேர வேண்டும். பலகையைத் தளத்தின் அடிப்பக்கம் ஒட்டுவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது. விலை குறைவுதான், ஆனால் தளத்தின் கனம் வீட்டுக்கு வெளியே போய்விடும்.